என்ன ஏறுகிறது என்பதையும் சொல்லுங்கள்
புது போனுக்கு மாறும்போது எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றி, அங்கிருந்து இறக்கிக்கொண்டால் வேலை முடிந்தது என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சுலபம்தான், ஆனால் என்னென்ன ஏறுகிறது என்று ஒரு வரிகூட இல்லையே. போன மாதம் புது போனை ஆன் செய்தபோது அடுத்தடுத்து வந்த திரைகளில் ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டே போய்விட்டேன், மறுநாள் வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் டேப்லெட்டைத் திறந்தால் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் எடுத்து வைத்திருந்த படம் முதல் வரிசையில் நிற்கிறது. அதிலும் என் கணக்குதான் இருந்தது. யாரும் எதையும் திருடவில்லை, இருந்தாலும் பதறிப்போனேன். அவரிடமே நாங்கள் இன்னும் சொல்லாத விஷயம் அது.

வாட்ஸ்அப்பையும் பாருங்கள். உரையாடலுக்கு இருக்கும் மறையாக்கம், அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முறை, கிளவுடில் சேரும் பேக்கப்புக்குத் தானாக வராது, 2021-இல்தான் அந்த வசதியே வந்தது, அதையும் செட்டிங்ஸில் தேடிப்போய் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஐகிளவுடில் ஏறும் படங்களின் பூட்டைத் திறக்கும் சாவியும் ஆப்பிளிடம்தான் இருக்கும். 2022 டிசம்பரில் வந்த கூடுதல் பாதுகாப்பை நாமே இயக்கினால்தான் நிலைமை மாறும். அப்புறம் பாஸ்வேர்டை மறந்தால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது, அதனால் அப்போது கணக்கைத் திறக்க உதவும் மீட்புச் சாவியை எங்காவது தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை நான் கேபிள் போட்டுத்தான் மாற்றப்போகிறேன், நேரம் ஆனால் ஆகட்டும். இன்னொன்று, போனையும் கிளவுடையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு (சிங்க்) ஓடிக்கொண்டிருக்கும்போது கிளவுடில் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்தும் போய்விடும், முதலில் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அழியுங்கள்.