கேட்டால் கொடுக்க வேண்டாமா?

(பெரியப்பாவின் கம்ப்யூட்டர் எதிரில் செல்வி உட்கார்ந்திருக்கிறாள். ஃபேன் இரைகிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.)

செல்வி: எப்போது ஆன் செய்தீர்கள் பெரியப்பா?

பெரியப்பா: நீ வருகிறேன் என்று போன் செய்தாயே, அப்போது. இன்றைக்குப் பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிடும். நான் வழக்கமாக ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். தலை துவட்டிக்கொண்டு வரும்போது கடிகாரம் மட்டும் தெரியும்.

(ஒருவழியாக டெஸ்க்டாப் வருகிறது. கூடவே மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி முளைக்கிறது.)

செல்வி: "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்! உடனே அழுத்தவும்!" இது யார்?

பெரியப்பா: அது நல்ல பிள்ளை. தினமும் எச்சரிக்கும். இந்த அக்கறை நான் பெற்ற பிள்ளைகளுக்கே கிடையாது.

செல்வி: என்றைக்காவது 4 என்றோ 6 என்றோ சொல்லியிருக்கிறதா?

பெரியப்பா: இல்லை. எப்போதும் 5தான். பேச்சு மாறவே மாறாது.

செல்வி: அது எதையும் எண்ணவே இல்லை பெரியப்பா. ஏதோ ஒரு தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் நோட்டிஃபிகேஷன். நீங்கள் எங்கேயோ 'அனுமதி' கொடுத்திருக்கிறீர்கள்.

பெரியப்பா: ஆமாம், கொடுத்தேன். 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டது. நான் ரோபோ இல்லையே! உள்ளதைச் சொல்வதில் என்ன தப்பு?

செல்வி: ரோபோவா என்று சோதிப்பதற்கும் அந்த அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. அழுத்த வைப்பதற்காகச் சொல்வது. (பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறக்கிறாள்.) அடேயப்பா! எத்தனை தளங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?

பெரியப்பா: கேட்டவர்களுக்கெல்லாம். கேட்டால் கொடுக்க வேண்டாமா?

(எல்லாவற்றையும் நீக்குகிறாள். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த தெரியாத எக்ஸ்டென்ஷன்களும் போகின்றன. சிவப்புப் பெட்டி மறைகிறது. பெரியப்பா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

செல்வி: அந்தப் பெட்டி சொன்னபடி எதையாவது இறக்கினீர்களா?

பெரியப்பா: ஒரு ஆன்டிவைரஸ். மறுநாளும் 5 என்றது. சரி, இது சோப்ளாங்கி போலிருக்கிறது என்று நானே தேடி இன்னொன்று போட்டேன். அப்புறம் மூன்றாவது. நாலாவது மற்ற மூன்றையும் கண்காணிக்க.

செல்வி: ஒரே வாசலில் நாலு காவல்காரர்களா? நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் ஒருவன் சோதிப்பான். அவன் தொட்டதை அடுத்தவன் சோதிப்பான். அவனைச் சந்தேகப்பட்டு மூன்றாமவன் பிடிப்பான்.

பெரியப்பா: திருடன் உள்ளே வர முடியாதல்லவா?

செல்வி: நீங்களே உள்ளே வர முடியவில்லையே! விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே டிஃபெண்டர் என்று ஒன்று கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

பெரியப்பா: பண்பான பிறவி.

செல்வி: இந்த நாலையும் எடுத்துவிட்டால் அது திரும்பி வந்துவிடும். அதுவே போதும். அந்த 'டர்போ வேகம்' என்பது?

பெரியப்பா: வேகத்தைக் கூட்டுவதற்கு. அது வந்ததிலிருந்துதான் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஒருவேளை உள்ளே மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

(கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறாள். டாஸ்க் மேனேஜர் திறக்கிறது.)

செல்வி: நாம் ஒன்றுமே செய்யவில்லை, பிராசஸர் 90 சதவீதம் ஓடுகிறது பாருங்கள். உங்கள் 'டர்போ வேகம்' யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறது. அதாவது, கம்ப்யூட்டரை ஓயாமல் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் காசு சம்பாதிக்கிறது. கம்ப்யூட்டர் உங்களுடையது, கரண்ட் உங்களுடையது, காசு அவனுக்கு.

பெரியப்பா: எனக்குப் பங்கு ஏதாவது...?

செல்வி: பெரியப்பா!

பெரியப்பா: சும்மா கேட்டேன்.

செல்வி: இது எப்படி உள்ளே வந்தது? விலைக்கு விற்கும் சாஃப்ட்வேர் எதையாவது இலவசமாக இறக்கினீர்களா?

பெரியப்பா: வீடியோ வெட்டி ஒட்டும் சாஃப்ட்வேர் ஒன்று. தங்கமான மனிதன், சும்மாவே கொடுத்தான். 'நிறுவும்போது ஆன்டிவைரஸை மட்டும் கொஞ்சம் அணைத்துவையுங்கள்' என்றான். அதுதான் சிரமமாகிவிட்டது. நாலையும் அணைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

(செல்வி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் மரியாதைக் குறைவாகிவிடும்.)

செல்வி: ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறவன் எதைக் கொண்டு வருகிறான் என்று அவனே சொல்லிவிட்டான். சரி, மெயில், பேங்க் பாஸ்வேர்ட் எல்லாம் மாற்ற வேண்டும். இங்கே வேண்டாம். இதில் தட்டுவதை எவனாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். என் போனில் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட்.

பெரியப்பா: இப்போது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மறக்கக்கூடாது என்று அதை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலாக வைத்திருக்கிறேன்.

செல்வி: ஃபைலுக்கு என்ன பெயர்?

பெரியப்பா: 'பாஸ்வேர்ட்'.

('டர்போ வேக'மும் ஆன்டிவைரஸ்களும் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. இடையில் ரீஸ்டார்ட், மறுபடி ரீஸ்டார்ட். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாதவற்றை நிறுத்துகிறாள். டிஃபெண்டர் தலைகாட்டுகிறது.)

பெரியப்பா: இனிமேல் பறக்குமா?

செல்வி: நடக்கும். இதில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க், உள்ளே தட்டு சுழல்கிறது. எதைக் கேட்டாலும் தேடிப் போய்த்தான் எடுத்து வரும். எஸ்எஸ்டி மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதில் சுழலும் பாகமே கிடையாது. வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம், அந்த ராமும் 4 ஜிபிதான். அது இந்தக் காலத்துக்குப் பற்றாது. அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட வேண்டும்.

பெரியப்பா: சாதா ஸ்கேன் போதாதா?

செல்வி: விண்டோஸ் ஓடும்போது சில மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் சாஃப்ட்வேர், ஒளிந்துகொள்ளும். இது ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே உள்ளே தேடும். சுமார் 15 நிமிஷம் ஆகும். ஒன்று மட்டும் கேளுங்கள் பெரியப்பா. இனிமேல் திரையில் எது வந்து கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லிப் பழகுங்கள்.

பெரியப்பா: முகத்துக்கு நேரே எப்படியம்மா?

செல்வி: அதற்கு முகமே கிடையாது!

பெரியப்பா: சரி சரி. முயற்சி செய்கிறேன்.

(ஸ்கேன் பட்டனை அழுத்துகிறாள். அதே நேரம் போன் அடிக்கிறது. எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். திரும்பி வரும்போது பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார்.)

செல்வி: என்ன, ரீஸ்டார்ட் ஆகவில்லையே?

பெரியப்பா: ஒருவன் வந்தான் அம்மா. திரை முழுவதையும் இருட்டாக்கிவிட்டு, 'இந்தச் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டான். நான் அசரவில்லை. 'இல்லை' என்று ஒரே அழுத்து. ஓடியே போய்விட்டான்.

செல்வி: ஐயோ பெரியப்பா, அது நான் போட்ட ஸ்கேன்!

பெரியப்பா: அதில் உன் பெயர் இல்லையே.