பித்தளைக்குக் கறுப்பு அடிக்காதீர்கள், கறுக்க வையுங்கள்

மரக் கப்பல் மாடல் செய்கிறவர்களில் பலர் பலகையிலும் கயிற்றிலும் காட்டும் பொறுமையை உலோகத்தில் காட்டுவதில்லை. பீரங்கி, சங்கிலி, கயிறு கட்டும் குட்டி வளைய ஆணி என எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இரும்பாக இருந்தவை மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டியில் (கிட்) பெரும்பாலும் பித்தளையாகத்தான் வரும். 1:64 மாடலில் (நிஜ அளவில் 64இல் ஒரு பங்கு) 0.5 மி.மீ. கம்பி வளையத்தின்மேல் சுற்றிலும் 0.05 மி.மீ. பெயின்ட் ஏறினாலே கம்பி 0.6 மி.மீ. ஆகிவிடும். நிஜக் கப்பல் கணக்கில் அது ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதல் பருமன். ஓட்டை அடைபடும். கயிறு கோக்கும்போது பெயின்ட் உரிந்து மஞ்சள் தெரியும்.

ரசாயனத்தில் கறுக்க வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. உலோகத்தின் மேல்தோலே நிறம் மாறுகிறது. ஆனால் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிந்தாக வேண்டும். செலினியம் கலந்த பிராஸ் பிளாக் வகைத் திரவம் பித்தளைக்கு. லிவர் ஆஃப் சல்பர் என்ற பொட்டாசியம்-கந்தகக் கலவை செம்பிலும் வெள்ளியிலும் அருமையாகப் பிடிக்கும், பித்தளையில் திணறும்; காரணம் அதிலுள்ள துத்தநாகம். சால்டர் (உலோகத்தை ஒட்டவைக்கும் பற்று) வைத்த இடத்தில் பிராஸ் பிளாக் சரியாகப் பிடிக்காமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். அங்கே வெள்ளீயக் கலவைகளுக்கான பியூட்டர் பிளாக் வகைத் திரவம் தேவை. அதைவிட நல்லது, வழிந்த சால்டரை முதலிலேயே அரம் போட்டு எடுத்துவிடுவது.

“திரவம் சரியில்லை, திட்டுத்திட்டாக வருகிறது” என்ற புகார்களில் பெரும்பாலும் தப்பு திரவத்தில் இல்லை, கழுவியதில் இருக்கிறது. கிட்டில் வரும் பித்தளைமேல் சில சமயம் லாக்கர் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருக்கும், கைபட்ட எண்ணெய் எப்போதும் இருக்கும். முதலில் அசிட்டோனில் பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லியில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அதில் ஐந்து முதல் பத்து நிமிடம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆவதும் இதே அமில வேலைதான், ஆனால் புளிச் சக்கை நுண்ணிய ஓட்டைகளில் சிக்கும் என்பதால் இங்கே வேண்டாம். இரும்பு இடுக்கியை அமிலத்துக்குள் விடாதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்திய அமிலத்தில் செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அது பாகங்களின்மேல் இளஞ்சிவப்பாகப் படியும். பிளாஸ்டிக் அல்லது மூங்கில் இடுக்கி போதும். கடைசியாக டிஸ்டில்ட் வாட்டரில் அலசுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது.

திரவத்தை நேராக ஊற்றுவதுதான் அடுத்த பெரிய தவறு. கெட்டியான திரவத்தில் கறுப்பு நொடியில் ஏறும், ஆனால் கரித்தூள் மாதிரி மேலோடு நிற்கும், துடைத்தால் துணியோடு வந்துவிடும். ஒரு பங்கு திரவத்துக்கு ஐந்து முதல் பத்து பங்கு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து, பாகங்களை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் தொட்ட இடம் மஞ்சளாகவே நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்து, அலசி, மென்துணியால் துடைத்துப் பாருங்கள். போதாவிட்டால் மறுபடி முக்குங்கள். மெல்ல மெல்ல ஏறிய நிறம்தான் நிலைக்கும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முக்கு, மறுபடி அலசல். பீரங்கியின் குழாய்க்குள் சிரிஞ்சால் தண்ணீர் அடித்து, ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். உள்ளே தங்கிய துளி பல வாரம் கழித்துப் பச்சையாகக் கசியும்.

அட்டக்கரி நிறம் வரும்வரை விடுவது எனக்குப் பிடிக்காது. சின்ன அளவில் முழுக் கறுப்பு, பொருளின் வடிவத்தையே விழுங்கிவிடும். பழுப்பு கலந்த கறுப்பில் நிறுத்தி, விளிம்புகளை லேசாகத் தேய்த்துவிட்டால் இரும்பு இரும்பாகத் தெரியும்.

கப்பலின் அடிப்புறச் செம்புத் தகடு வேறு கதை. ஹெச்.எம்.எஸ். விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குச் செம்பு போர்த்தியது 1780இல். நான்கு அடிக்குப் பதினான்கு அங்குலத் தகடு 1:64இல் சுமார் 19க்கு 5.6 மி.மீ. வரும். அதைப் புதுக் குடம் மாதிரி மினுங்க விடுவதும் தப்பு, கறுக்க விடுவதும் தப்பு. கால் லிட்டர் வெந்நீரில் பட்டாணி அளவு லிவர் ஆஃப் சல்பர் கரைத்து, தூரிகையால் தடவி, பழுப்பு வந்ததும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தகட்டுக்குத் தகடு நிறம் கொஞ்சம் மாறினால் நல்லதுதான், விட்டுவிடுங்கள். கரைசல் சீக்கிரம் வீரியம் இழக்கும், அன்றன்று கலக்குங்கள்.

செலினியம் விஷம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். லிவர் ஆஃப் சல்பர் கரைசலில் சிட்ரிக் அமிலமோ வினிகரோ ஒருபோதும் கலக்கக் கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். இரண்டுக்கும் தனித்தனிக் கிண்ணம், மூடியில் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.