வேரோடு விழுந்த பால் பல்

என் தங்கை மகளுக்கு முதல் பல் விழுந்தபோது மூன்றரை வயது. மன்னார்குடிப் பக்கத்து வழக்கப்படி, சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் போடச் சொன்னார் அம்மா. நான்தான் பல்லைக் கையில் வாங்கினேன். ஆறு வயதில் தானாக விழும் பால் பல்லில் வேர் கரைந்துபோய், மேல்பகுதி மட்டும்தான் இருக்கும். இதில் வேர் முழுசாக, கூராக நீண்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீசிவிட்டேன்.

அடுத்த சில மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஆடின. ஈறு செக்கச்செவேலென்று வீங்கி, குழையப் பிசைந்த சோறு பட்டாலும் ரத்தம் வரும். "மிட்டாய் கொடுத்தே கெடுத்துட்டா", "பல்லு விளக்கி விடுறதில்ல" என்று ஊரும் உறவும் தங்கையைத்தான் பேசியது. காலையும் இரவும் குழந்தையை மடியில் படுக்கவைத்துப் பல் துலக்கிவிட்டவள் அவள். அந்தப் பேச்சை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் அதற்கு முன்பே தடித்து வெடித்திருந்தன. நடவு நேரத்தில் வெறுங்காலோடு வரப்பில் திரிகிறாள், சேற்றுப்புண் என்றே நினைத்தோம். தோல் டாக்டர் காலைப் பார்த்துக் களிம்பு எழுதினார். பல் டாக்டர் வாயைப் பார்த்து, "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்றார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. வாயையும் காலையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தஞ்சாவூரில் ஓர் இளம் பல் டாக்டர்தான் ஈறைப் பார்த்த கையோடு குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் தாய்மாமன் மகனுக்குத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தோம்.

பாப்பியோன்-லெஃபெவ்ர் என்று பெயர். 1924-இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய். பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்கு வரும் என்கிறார்கள். கதெப்சின் சி என்ற நொதிக்கான மரபணு, தாய், தந்தை இருவர் வழியிலும் பழுதாக வந்தால் குழந்தைக்கு நோய் வரும். பெற்றவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்களின் ஆயுதத்தைத் தயார் செய்வது அந்த நொதிதான். ஆள் இருக்கிறார்கள், கையில் அரிவாளும் இருக்கிறது, சாணை பிடிக்கத்தான் ஆளில்லை. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

எண்ணிக்கையே குறைகிற பிறவி நோய்களும் உண்டு. சிலருக்கு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை குறைந்து, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும். வேறு வகைப் பிறவி நோய் ஒன்றில் வெள்ளையணு ரத்தக்குழாயை விட்டு வெளியே வரவே முடியாது. அந்தக் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ஒரு மாதமாகியும் விழாமல் இருக்கலாம், புண் வந்தாலும் சீழ் பிடிக்காது. இவை எல்லாவற்றிலும் ஈறு கெடும்.

ஆகவே "பால் பல்தானே" என்ற சொல்லை மருத்துவர்கள் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. சின்னக் குழந்தைக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடுகிறது என்றால், வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணும் சாதாரண ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே எழுதலாம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தோல் டாக்டரும் "வாயைத் திற" என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

சொந்தத்தில் கட்டியதைச் சொல்லித் தங்கையைக் குத்திக்காட்டுகிறவர்களுக்கும் ஒன்று: அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே நாம்தான். இனி பெண் பார்க்கப் போகும்போது மரபணு ஆலோசனையையும் பேசுங்கள், சரி. நடந்துபோனதற்கு அவளை ஏன் வதைக்கிறீர்கள்?

பால் பற்கள் எல்லாம் போனபிறகு ஈறு அமைதியாகிவிட்டது. இந்த நோயில் அப்படித்தான். நிலைப்பற்கள் வரும்போது மறுபடி தொடங்கும். அவளுக்கு இப்போது ஏழு வயது, கீழ்வரிசையில் இரண்டு முளைத்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூருக்குப் போய்ச் சுத்தம் செய்துகொள்கிறோம். தினமும் ராத்திரி தங்கை டார்ச் அடித்து ஈறைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு எனக்கு போன் செய்வாள். நேற்றும் செய்தாள். ரத்தம் இல்லை என்றாள்.