சம்பளப் பாக்கி வைத்த மகாராணியும் தலைமைப் பண்பு வகுப்பும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர் தலைமைப் பண்பு வகுப்பு என்று போட்ட லைவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு லிங்க் கொடுத்து அவருக்கு இன்னும் நாலு வியூ சேர்த்துவிட எனக்கு மனசில்லை. ஆனால் "விடுங்க மேடம், அவர் ஜாலியாத்தானே சொன்னார்" என்று இன்பாக்ஸில் ஆளாளுக்கு சமாதானம் சொல்ல வந்துவிட்டீர்கள். சமாதானம் என்ற பெயரில் எனக்கே புத்திமதி. அதனால் எழுதுகிறேன்.

தலைமைப் பண்பு வகுப்பில் இங்கிலாந்து மகாராணி முதலாம் எலிசபெத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தாராளமாகப் பேசுங்கள். 1588-இல் ஸ்பெயின் படையெடுத்து வந்தபோது, தேம்ஸ் கரையில் இருக்கிற டில்பரியில் படைக்கு முன்னால் நின்று, எனக்கு இருப்பது பலவீனமான பெண்ணின் உடல்தான், ஆனால் நெஞ்சு ஓர் அரசனின் நெஞ்சு என்று அவர் பேசியதாகச் சொல்லப்படுகிறதே, அது நிஜமாகவே நல்ல பேச்சு. (சொல்லப்படுகிறது என்று ஏன் இழுக்கிறேன் என்றால், அந்த வாசகங்கள் நமக்குக் கிடைத்ததே பல ஆண்டுகள் கழித்து ஒரு பாதிரியார் எழுதிய கடிதத்திலிருந்துதான். அதை லைவில் சொன்னால் மூடு போய்விடும், புரிகிறது.) பின்னணி இசையோடு ஏற்ற இறக்கமாக அந்தப் பேச்சாளர் அதைச் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. நான் கமென்டில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், அந்தப் போரை ஜெயிச்சுக் கொடுத்த மாலுமிகளுக்கு அந்த அம்மா சம்பளம் கொடுத்தாங்களா?"

அதை வாய்விட்டுப் படித்தார். சிரித்தார். "நாம சாதனையைப் பத்திப் பேசிட்டிருக்கோம், சில பேர் சம்பளச் சீட்டைத் தேடிட்டிருக்காங்க" என்றார். திரை முழுக்கச் சிரிப்பு எமோஜி. அதில் எனக்குத் தெரிந்த முகங்கள் சிலவும் இருந்தன. பரவாயில்லை.

சரி சார். சம்பளச் சீட்டையே தேடுவோம்.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அனுப்பிய அர்மடா என்ற போர்க் கப்பற்படையில் சுமார் 130 கப்பல்கள். அதைத் தடுத்தது டில்பரியில் அணிவகுத்து நின்ற தரைப்படை இல்லை. அவர்களுக்கு எதிரியின் முகத்தைப் பார்க்கும் வேலையே வரவில்லை. தடுத்தவர்கள் கடலில் இருந்தார்கள். ஹோவர்ட் பிரபு தலைமை, அவருக்குக் கீழே டிரேக், ஹாக்கின்ஸ், ஃப்ரோபிஷர், அவர்களுக்கும் கீழே பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆட்கள். பிரெஞ்சுத் துறைமுகமான கலேக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற ஸ்பானியக் கப்பல்களை நோக்கி, ராத்திரியில் எட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்துக் காற்றோடு விட்டார்கள். மறுநாள் ஜூலை 29, கிராவ்லின்ஸ் அருகே சண்டை. அதோடு அர்மடா வடக்கே திரும்பிவிட்டது. இதெல்லாம் அன்றைய இங்கிலாந்து நாட்காட்டிக் கணக்கு. இன்றைய கணக்குக்குப் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

மகாராணி பேசியது ஆகஸ்ட் 9. எதிரி திரும்பி வரலாம் என்ற பயம் அப்போதும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய சண்டை முடிந்து பத்து நாள் தாண்டிவிட்டது. அந்தப் பேச்சின் கடைசிப் பகுதியை மட்டும் எந்த மோட்டிவேஷன் ஆளும் சொல்வதில்லை. நீங்கள் வெகுமதிக்கு உரியவர்கள் என்று எனக்குத் தெரியும், ஓர் அரசரின் வாக்காகச் சொல்கிறேன், அது முறைப்படி உங்களுக்குக் கொடுக்கப்படும் என்கிறார். ஆமாம் சார், உங்கள் மகாராணியே சம்பளத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். நான் ஒன்றும் புதிதாகக் கிளப்பவில்லை.

மறுநாள் ஆகஸ்ட் 10. மறுநாளேதான். தேம்ஸ் கடலில் கலக்கும் பக்கம் கென்ட் கரையில் இருக்கிற மார்கேட் என்ற ஊரிலிருந்து, கஜானாவைக் கையில் வைத்திருந்த பர்லி பிரபுவுக்கு ஹோவர்ட் கடிதம் எழுதுகிறார். நோயும் சாவும் பெருகிவிட்டன. கரையேற்றிய ஆட்களை வைக்க இடமில்லாமல் மார்கேட் தெருக்களிலேயே சாகிறார்கள். இவ்வளவு தீரமாகப் பணி செய்தவர்கள் இவ்வளவு கேவலமாகச் சாவதைப் பார்த்தால் எவனுக்கும் மனசு பொறுக்காது. இதுதான் கடிதத்தின் சாரம். எலிசபெத் ஜோனாஸ் என்ற கப்பலைப் பற்றித் தனியாகவே எழுதுகிறார். 500 பேரோடு புறப்பட்ட கப்பல். பிளிமத்தில் நின்றிருந்த ஒரு மாதத்துக்குள் 200 பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களை இறக்கிவிட்டு, அடியில் பாரத்துக்குக் கொட்டியிருந்த சரளையை அள்ளி வெளியே போட்டு, ஈரச் செடிகளைக் கொளுத்தி மூன்று நாலு நாள் உள்ளே புகை மூட்டினார்கள். புது ஆட்களை ஏற்றினார்கள். காய்ச்சல் அவர்களையும் பிடித்தது. மாதக்கணக்காக மாற்றுத் துணி இல்லாமல் இருக்கிறார்கள், சட்டையும் காலுறையும் செருப்பும் அனுப்புங்கள் என்று அதே கடிதத்தில் கேட்கிறார். கேட்டது யார்? ஒரு நாட்டின் கடற்படைத் தலைவர். எதற்கு? சட்டைக்கு.

அதே ஆகஸ்டில் பர்லி என்ன யோசித்துக்கொண்டிருந்தார் தெரியுமா? கடலில் இத்தனை பேர் செத்திருக்கும்போது அவர்களுடைய சம்பளமும் கூடவே சாகவில்லையே என்று வியந்து எழுதுகிறார். சாவாலும், நோயாளிகளைக் கழித்துவிடுவதாலும் மொத்தச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கணக்கு. ஒரு மாலுமிக்கு அப்போது மாதம் 10 ஷில்லிங். அதுவும் 1585-இல்தான் அந்த அளவுக்கு உயர்ந்தது. அந்தப் பத்து ஷில்லிங்கில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் ஹோவர்ட் தன் கைக்காசைப் போட்டுச் சமாளித்தார்.

வாக்குக் கொடுத்தது ஆகஸ்ட் 9. தெருவில் பிணம் ஆகஸ்ட் 10. இதைத்தான் நான் கேட்டேன். இதைக் கேட்டதற்குத்தான் சிரிப்பு.

இப்போது, வரப்போகிற கமென்டுகளுக்கு முன்கூட்டியே.

"ஆண்கள் உலகத்தில் தனியாக நின்ற ஒரு பெண்ணை, இன்னொரு பெண்ணாக இருந்துகொண்டு குறை சொல்கிறீர்களே." இதை எழுதப்போகிற தோழர் யார் என்றுகூட எனக்குத் தெரியும். அப்பா எட்டாம் ஹென்றி அவள் தாயின் தலையை வெட்டினான், அக்காள் மேரி அவளை லண்டன் கோபுரச் சிறையில் வைத்தாள், கல்யாணம் பண்ணு பண்ணு என்று அரசவையே பிடுங்கியது. எல்லாம் தெரியும். அந்தப் பெண் மேல் எனக்கு உங்களைவிட மரியாதை அதிகம். அந்த மரியாதைக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்? மார்கேட் தெருவில் கிடந்தவனின் மனைவியும் பெண்தானே. அவளுக்காக யாராவது லைவ் போட்டிருக்கிறீர்களா?

"கஜானா காலி." இது நியாயமான வாதம். நெதர்லாந்தில் ஸ்பெயினை எதிர்த்த போருக்கு 1585-இலிருந்து செலவு, பர்லிக்குக் கடன் கிடைக்கவில்லை, நிஜம்தான். ஆனால் 1580-இல் டிரேக் உலகத்தைச் சுற்றிவிட்டுக் கொள்ளைப் பொருளோடு வந்தபோது மகாராணிக்குப் போன பங்கு அரசின் ஓராண்டு வருமானத்தையே மிஞ்சியது என்பது பரவலான கணிப்பு. அடுத்த வருஷமே டெட்ஃபோர்டில் டிரேக்கின் கப்பலுக்கே மகாராணி போய், அங்கேயே அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். லாபம் வரும்போது கப்பலுக்கு நேரில் வரத் தெரிகிறது. எட்டு வருஷம் முந்தின பணம் எப்படி மிச்சம் இருக்கும் என்பீர்கள். இருக்காதுதான். இருந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது, என்ன செய்ய.

"இன்றைய அளவுகோலை அன்றைய காலத்தில் வைக்காதீர்கள்." இதுதான் எனக்குக் கோபத்திலும் கோபம் வரவைப்பது. நான் எந்த அளவுகோலை வைத்தேன்? ஹோவர்டின் அளவுகோலை. அவர் 1588-இல் இருந்த ஆள்தானே? மகாராணிக்கு உறவுக்காரர், பிரபு, தொழிற்சங்கக்காரர் இல்லை. அவருக்கே மனசு பொறுக்கவில்லை. உங்களுக்கு 2 மணி நேர லைவில் அவர் கடிதத்துக்கு 2 நிமிஷம் இல்லை.

"ஸ்பெயின்காரன் இன்னும் அதிகமாகச் செத்தான்." ஆமாம், செத்தான். அடுத்து.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்கிறவர்களுக்கு. எங்கள் அப்பா கப்பல்காரர். தூத்துக்குடியிலிருந்து போய் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் ஆயிலராக, அதாவது எந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவராக வேலை பார்த்தவர். நான் எட்டாவது படிக்கும்போது அவர் சைன் ஆன் பண்ணி வேலைக்கு ஏறிய கப்பலின் முதலாளி, கடன்காரர்களுக்குப் பணம் கட்டாமல் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலை விட்டுவிட்டான். பெயரெல்லாம் வேண்டாம், அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. மாசாமாசம் அவர் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு வரும் அலாட்மென்ட் பணம் நின்றது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கப்பலில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்று, ராத்திரி டெக்கில் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து கேப்டனுக்கு ஒரு ஃபேக்ஸ் வந்ததாம், எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொல்லி. "நீங்கள் எங்கள் குடும்பம். உங்கள் பொறுமையை நாங்கள் மறக்க மாட்டோம்." அப்பா அந்தப் பேப்பரை நகலெடுத்துக் கொண்டுவந்தார். கப்பல் வேலையைப் பதிந்து வைக்கும் அவருடைய சிடிசி புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். கோர்ட்டுக்குப் போனால் ஆதாரமாகும் என்று நினைத்தார், பாவம். பேச்சுக்கு எந்தக் கோர்ட்டில் மதிப்பு?

அதனால், யாராவது படைக்கு முன்னால் நின்று உருக்கமாகப் பேசினார்கள் என்று கேட்டாலே என் கை தன்னால் சம்பளச் சீட்டைத்தான் தேடும். இதைக் குணக்கேடு என்று நினைப்பவர்கள் அன்ஃப்ரெண்ட் செய்துகொள்ளலாம். சந்தோஷமாக.

அந்த லைவில் இன்னொன்றும் சொன்னார். மகாராணியின் ஆட்சியில்தான் சிந்தனையாளர்கள் பூத்தார்களாம், உதாரணம் வில்லியம் கில்பர்ட். நல்ல உதாரணம்தான், பாதியில் விட்டதுதான் கோளாறு. பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் புத்தகம் எழுதிய கில்பர்ட் அரண்மனை மருத்துவர். ஆனால் காந்த ஊசி கிடைமட்டமாக நிற்காமல் கீழ்நோக்கிச் சாய்கிறது என்பதை 1581-இலேயே அச்சில் சொன்னவர் ராபர்ட் நார்மன். பல வருஷம் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறித் திசைகாட்டி செய்து பிழைத்தவர். பண்டிதர்கள் படிப்பறையில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கைத்தொழிலை மட்டும் பார் என்கிறார்கள் என்று அவருக்கும் ஒரு வருத்தம் இருந்தது. கில்பர்ட்டின் பெருந்தன்மை என்னவென்றால், தேர்ந்த மாலுமி, திறமையான கைவினைஞர் என்று நார்மனின் பெயரைத் தன் புத்தகத்திலேயே சொல்லிவிட்டார். 1600-இல் ஒரு மருத்துவருக்கு இருந்த நாணயம் இன்று லைவ் போடுகிறவருக்கு இல்லை.

ஹாக்கின்ஸைப் பற்றிக் கேட்பீர்கள். மாலுமிக்குச் சம்பளத்தை உயர்த்தப் பாடுபட்ட அதே ஹாக்கின்ஸ்தான் 1562-இலிருந்து ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்துக் கரீபியனில் விற்றவர். 1564-இல் அதற்குக் கப்பல் கொடுத்தது மகாராணி. ஜீசஸ் ஆஃப் லூபெக். கப்பலின் பெயரைப் பாருங்கள். கட்டுண்ட ஓர் ஆப்பிரிக்கர் உருவம் அவருடைய குலச்சின்னத்திலேயே இருந்தது. எனவே நான் ஹாக்கின்ஸுக்கு மாலை போட வரவில்லை. அந்தப் பத்து ஷில்லிங்குக்காவது கணக்கு இருந்தது. அந்தக் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இதைச் சொன்னால் "டாபிக் மாறுது மேடம்" என்பார்கள். மாறட்டும். தலைமைப் பண்பு என்று இரண்டு மணி நேரம் பேசுகிறவர் இதையெல்லாம் தொடாமல் தாண்டுவதற்கு எவ்வளவு பெரிய தாண்டு தாண்ட வேண்டும்!

சரி, "அப்புறமாவது அவர்களுக்கு நல்லது நடந்ததே, சாத்தம் நிதி வந்ததே" என்று படித்த நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். வந்தது. அர்மடாவுக்குப் பிறகு, ஊனமுற்ற மாலுமிகளுக்கு உதவ டிரேக்கும் ஹாக்கின்ஸும் சேர்ந்து ஏற்படுத்தியது. பணம் எங்கிருந்து வந்தது? மாலுமியின் மாதச் சம்பளத்திலிருந்து ஆறு பென்ஸ் பிடித்தார்கள். அவன் கைக்கும் காலுக்கும் அவனே முன்பணம் கட்டினான். அந்தப் பணம் வைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கிறது, 1625 வாக்கில் செய்தது. ஐந்து பூட்டு, ஐந்து பேரிடம் ஐந்து சாவி, ஐந்து பேரும் வந்தால்தான் திறக்க முடியும். யாரும் திருடிவிடக்கூடாது என்று அவ்வளவு ஏற்பாடு. அப்படியும் அந்த நூற்றாண்டில் மேலிடத்து ஆட்கள் அதில் கை வைத்தார்கள்.

கமென்ட் பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறேன். திட்டுகிறவர்கள் ஹோவர்டின் கடிதத்தைப் படித்துவிட்டு வந்து திட்டவும்.