8.15 கோடி டாலர் ஆணையத்தின் பணம் அல்ல

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைப் பற்றி, "மெய்ன் மாநிலத்தின் பழங்குடி-மாநில ஆணையம் கவர்னரின் ஒரு துறைதான், 8.15 கோடி டாலரை வைத்துக்கொண்டு பழங்குடியினரை ஆள்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் இரண்டு தவறுகள்.

முதலில் பணம். 8.15 கோடி டாலர் என்பது மெய்ன் பழங்குடியினரின் நில உரிமைக் கோரிக்கைக்கு 1980-இல் கண்ட தீர்வில் அமெரிக்க ஒன்றிய அரசு ஒதுக்கிய தொகை. அதில் 5.45 கோடி நிலம் வாங்க, 2.7 கோடி அறக்கட்டளை நிதி. ஆணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததால் குழம்பியிருக்கலாம், சரி. ஆணையத்தின் செலவுக்கு மாநிலமும் தரலாம், பழங்குடி அரசுகளும் தரலாம், மானியமும் பெறலாம். சட்டம் அப்படித்தான் அனுமதிக்கிறது.

அப்புறம், ஆணையம் கவர்னரின் துறை இல்லை. அதில் மாநிலத்தின் சார்பில் 6 பேர். பெனாப்ஸ்காட், பாசமாக்வாடி, பின்னால் சேர்ந்த ஹோல்டன் மாலிசீட் ஆகிய மூன்று பழங்குடிகளுக்கும் தலா 2 பேர். ஆக ஆறுக்கு ஆறு. 13-ஆவது ஆளான தலைவரை இந்தப் பன்னிரண்டு பேரே தேர்ந்தெடுக்கிறார்கள். யாராவது ஒரு பக்கம் மட்டும் நினைத்தால் எதையும் நிறைவேற்ற முடியாது.

'ஆள்கிறது' என்பது இன்னும் பெரிய வார்த்தை. குறிப்பிட்ட சில நீர்நிலைகளில் மீன்பிடி விதி போடும் அதிகாரம் உண்டு, அது உண்மை. மற்றபடி பெரும்பாலும் அந்தத் தீர்வுக்கான 1980 சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் பரிந்துரை எழுதும் வேலைதான். பரிந்துரையைச் சட்டமன்றம் கண்டுகொள்ளாமல் விட்டாலும் ஆணையம் ஒன்றும் செய்ய முடியாது. குறை சொல்வதானால் அதைச் சொல்லுங்கள்.