சைக்கிள் செயின் மாற்றினால் கேசட்டும் (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரத் தொகுப்பு) மாற்ற வேண்டுமா?

"புது செயின் போட்டால் கேசட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கியர் நழுவும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பாதிதான் சரி. இதை நம்பி நல்ல கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செயின் நீள்கிறது என்கிறோமே, தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பையும் கோத்திருக்கும் சிறு கம்பியும் (பின்) அது சுழலும் இடமும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. புது செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை 12.7 மி.மீ., ஆக 24 இணைப்புக்கு 304.8. அது கிட்டத்தட்ட 306.3 ஆனால் 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 ஸ்பீடு (கேசட்டில் 11 அல்லது 12 பல்சக்கரங்கள்) என்றால் அப்போதே மாற்றுங்கள், 10 ஸ்பீடு அல்லது அதற்குக் குறைவு என்றால் 0.75 சதவீதம் வரை விடலாம். இப்படி நேரத்தில் மாற்றினால் ஒரே கேசட் இரண்டு மூன்று செயின்களுக்குத் தாராளமாக வரும்.

தேய்ந்த செயினோடே மாதக்கணக்கில் ஓட்டி, பற்களும் அந்த நீண்ட அளவுக்கே தேய்ந்துபோயிருந்தால்தான் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். சந்தேகமா? புது செயினைப் போட்டு, வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பல்சக்கரத்தில் வைத்து அழுத்தி மிதித்துப் பாருங்கள். பல்லின் மேல் ஏறிக் குதித்தால் கேசட் முடிந்தது, குதிக்கவில்லை என்றால் அப்படியே ஓட்டலாம்.

அப்புறம், இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ற கணக்கும் வேண்டாம். மழையிலும் மணலிலும் ஓடும் செயின், துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கும் செயினைவிட வெகு சீக்கிரம் தேயும். அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்.