பெண்கள் ஞாயிறு முடிந்த பிறகு வரும் ஞாயிறுகள்

அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கம் செய்ய யாரைக் கூப்பிடலாம் என்று எங்கள் சபையில் பேச்சு வந்தது. மதுரையிலிருந்து ஒரு பெண் ஆயரை, அதாவது பெண் போதகரை, அழைக்கலாமே என்றேன். குழுவில் மூத்தவர் ஒருவர், "பெண்கள் ஞாயிறுக்கு வேணும்னா கூப்பிட்டுக்குவோம்மா, பண்டிகைக்கு வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

காரைக்குடிப் பக்கம் இருக்கிற ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. பெயர் வேண்டாம். இது எங்கள் ஒரு சபையின் குறை என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பெரியவரின் பதிலையே எடுத்துக்கொள்கிறேன். பெண்கள் ஞாயிறு அன்று ஆராதனை முழுவதும் பெண்கள் கையில்தான். ஜெபம், வேதபாடம், காணிக்கை எடுப்பது, பிரசங்கம் எல்லாமே. ஆண்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், வெளியே வந்ததும் "நல்லா பேசுனீங்கம்மா" என்றும் சொல்கிறார்கள். பெண் பிரசங்கிப்பது வேதத்துக்கு விரோதம் என்றால் அந்த ஒரு ஞாயிறும் விரோதம்தான், நடத்தவே கூடாது. விரோதம் இல்லையென்றால் மற்ற ஞாயிறுகளில் என்ன தடை? வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் செல்லுபடியாகிற வசனம் எதுவும் வேதத்தில் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளியை யார் நடத்துகிறார்கள்? பெரும்பாலும் பெண்கள். மே மாதம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தால், இந்த ஊர் வெயிலில், மின்விசிறி போதாத ஹாலில் பிள்ளைகளோடு நாள் கணக்கில் நிற்பது யார்? அதுவும் பெண்கள். எங்கள் சபையில் ஒரு டீச்சர் இருக்கிறார். பழைய தினசரி காலண்டர் அட்டைகளைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் மனப்பாட வசனம் எழுதுவார். ஓரம் பிய்ந்தால் செலோடேப் ஒட்டி அடுத்த வருஷமும் எடுத்து வருவார். கடைசி வரிசையில் சும்மா வாயசைக்கிற பையனைக் கண்டுபிடித்து, அவனை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து, வசனம் வரும்வரை விடமாட்டார். இன்று எங்கள் குழுவில் இருக்கிற ஆண்களில் சிலர் அவரிடம் படித்தவர்கள். பத்துக் கட்டளையை அவர் வாயிலிருந்து கற்றார்கள், கர்த்தருடைய ஜெபத்தையும் அப்படியே. அந்தப் பையனுக்கு மீசை முளைத்துத் திடப்படுத்தலும் முடிந்துவிட்டால், அதற்கு மறுநாளிலிருந்து அவர் அவனுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கக் கூடாதாம். எந்த வயதில், எந்த வகுப்பில் அந்தக் கோடு விழுகிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. மேல்நிலை வகுப்புப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அவர்களுடைய அப்பாக்கள் என் முன்னால் உட்கார்ந்து பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசனை கேட்கிறார்கள். ஆலய வாசலுக்குள் நுழைந்ததும் என் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

சரி, பவுல் சொன்னதற்கு என்ன பதில் என்பீர்கள். "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை." 1 தீமோத்தேயு 2:12. வேதத்தில் இருக்கிறது, நான் ஒளித்துப் பேச மாட்டேன். ஆனால் அதே அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே போங்கள். பின்னிய கூந்தலும் பொன்னும் முத்தும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் பெண்களுக்கு அலங்காரமாக இருக்கக் கூடாது என்கிறது. எங்கள் ஊர்க் கல்யாண ஆராதனைக்கு வந்து பாருங்கள். மணப்பெண் கழுத்தில் எத்தனை பவுன் என்றுதான் முதலில் பேச்சே. எந்த மூப்பரும் வாசலில் நின்று நகையைக் கழற்றச் சொன்னதில்லை. ஒன்பதாம் வசனம் தீமோத்தேயு இருந்த எபேசு ஊரின் அந்தக் காலத்து வழக்கம், பன்னிரண்டாம் வசனம் மட்டும் எக்காலத்துக்கும் கட்டளை என்று பிரித்துக் கொடுத்தது யார்? நகையே அணியாத பெந்தெகொஸ்தே சகோதரர்கள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களோடு பேச வேண்டியது வேறு. நான் பேசுவது ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் பிடித்துக்கொள்கிற நம்மோடு.

அதே பவுல்தான் கொரிந்து சபைக்கு எழுதும்போது, பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் நடக்கிற காரியமாகவே வைத்துப் பேசுகிறார் (1 கொரிந்தியர் 11:5). அந்த இடத்தில் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறாரே தவிர, வாயை மூடச் சொல்லவில்லை. ரோமர் 16-ஐ வாசித்துப் பாருங்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளிலிருந்துதான் அந்த அதிகாரம் தொடங்குகிறது. அப்புறம் பிரிஸ்கில்லாள் வருகிறார். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவைக் கூப்பிட்டு வைத்து, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிய தம்பதியில் ஒருவர் இவர் (அப்போஸ்தலர் 18). அப்பொல்லோ வளர்ந்த ஆண்மகன், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலே, உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் போய்ச் சொல்லும்படி ஆண்டவர் அனுப்பியது மகதலேனா மரியாளை.

வசனம் பேசி முடித்த பிறகு, தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி வரும். குழுவில் யாரும் கேட்க மாட்டார்கள். சமையல்கட்டில், பெரும்பாலும் பெண்களே கேட்பார்கள்: "அந்த மூணு நாள்ல எப்படிக்கா நற்கருணை குடுப்பாங்க?" இதுதான் உண்மையான தடை என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்கு மேலே போர்த்திய துணி. தீட்டு என்று நம் பாட்டிமார் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்ததை ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நாம் விடவில்லை. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரம் போன பெண் ஒருத்தி வருகிறாள். லேவியராகமத்தின்படி அவளைத் தொடுகிறவருக்கும் தீட்டு. கூட்டத்துக்குள் புகுந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் பின்வாங்கவில்லை, குளித்துவிட்டு வருகிறேன் என்று போகவும் இல்லை. "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றார், அதுவும் எல்லார் முன்னாலும். பிறகு அங்கிருந்து நேரே யவீருவின் வீட்டுக்குப் போய், இறந்து கிடந்த பெண்பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார். அந்த ஆண்டவருடைய பந்தியில் பெண்ணின் உடம்பு தீட்டு என்று சொல்ல நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

பெண் ஊழியம் ஏதோ புதுசாக வெளிநாட்டிலிருந்து வந்த பேஷன் என்றும் சொல்கிறார்கள். 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்ற விதவைப் பெண் பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டையானது. திருநெல்வேலித் திருச்சபையின் கதையை அவரை விட்டுவிட்டு யாரும் எழுத முடியாது. நம் மதுரையில், வேதாகமப் பெண்களைப் பயிற்றுவிக்கவே ஈவா ஸ்விஃப்ட் 1892-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆண் ஊழியர்கள் திண்ணையைத் தாண்ட முடியாத வீடுகளில் அந்தப் பெண்கள் உள்கட்டுவரை போய், எழுத்தும் வேதமும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். வெயிலில் நடக்கவும் வசவு வாங்கவும் பெண் தேவைப்பட்டாள். பீடம் என்று வந்ததும்தான் வசனம் ஞாபகம் வருகிறது.

கத்தோலிக்க நண்பர்கள் என்னிடம், எங்கள் சபையில் அதற்கு வழியே இல்லையே என்று வருத்தப்படுவது உண்டு. பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று போப் இரண்டாம் யோவான் பவுல் 1994-இல் எழுதிவிட்டார். 2021-இல் வாசகர், பீடப் பணியாளர் பொறுப்புகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார் போப் பிரான்சிஸ். அது அவர்கள் வீட்டுக் காரியம், நான் அதிகம் பேசவில்லை. நம் சபையில் சட்டம் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் 1976-லேயே எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்றார். 2013 செப்டம்பரில் புஷ்ப லலிதா நந்தியால் பேராயர் ஆனார். பேராயரே பெண்ணாக இருக்கலாம், பண்டிகைப் பிரசங்கத்துக்கு மட்டும் பெண் வேண்டாமா?

இதனால் இழப்பு பெண்களுக்கு மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் சிங்கப்பூர், துபாய் என்று ஆண்கள் போய்விட்ட வீடுகள் எத்தனை. அந்தக் காலத்தில் செட்டியார்கள் ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனபோது, இந்தப் பெரிய வீடுகளைக் கட்டிக் காத்து வரவுசெலவு பார்த்தவர்கள் ஆச்சிமார். இன்று நம் சபைக் குடும்பங்களிலும் கடன், பிள்ளைகளின் படிப்பு, மாமனார் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் பெண் தலையில். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தால் கேட்பது, மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்ற பிரசங்கம். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி ஓர் ஆண் ஆயரிடம் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வருவதில்லை. அந்த ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வீட்டுக்குத்தான் இருட்டின பிறகு வருகிறாள். மேய்ப்பரின் வேலையை அங்கே செய்வது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இறையியல் படித்துப் பட்டம் வாங்கி, குருப்பட்டமும் பெற்ற பெண்கள் நம் பேராயங்களில் இருக்கிறார்கள். "எங்களுக்கு ஆண் ஆயரையே அனுப்புங்கள்" என்று சபைகள் எழுதிக் கேட்பதால் அவர்களுக்கு நல்ல சேகரங்கள் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) கிடைப்பதில்லை. அடுத்த மாற்றல் நேரத்தில் எங்கள் சபையிலிருந்து வேறு மாதிரி ஒரு கடிதம் போக வேண்டும் என்று விரும்புகிறேன்: "பெண் ஆயரை அனுப்பினால் மனதார ஏற்றுக்கொள்வோம், அவர் கையால் நற்கருணை வாங்குவோம்." கடிதத்தை எழுதிவிட்டேன். என் கையெழுத்தும் அந்த டீச்சர் கையெழுத்தும் இருக்கிறது. சபையில் இருக்கிற அண்ணன்மாரே, தம்பிமாரே, அவரிடம் வசனம் படித்தவர்களே, உங்கள் கையெழுத்துகள் வேண்டும். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், பேனாவும் என்னிடமே இருக்கும்.